பாலைநில ஏரிகள்: உறைதலும் உருகுதலும்

க.பொ.த. (சாதாரண தரம்) – புவியியல்
பௌதிகப் புவியியல்: வரண்ட பிரதேசங்களும் நீர்நிலைகளும்



"பாலைநிலம்" என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் மனதில் தோன்றுவது என்ன? மணல், ஒட்டகம், கொதிக்கும் வெயில் என்பவையே பெரும்பாலானோரின் விடையாக இருக்கும். அப்படியாயின், பாலைநிலத்தின் நடுவே 600 கிலோமீற்றர் நீளமான ஓர் ஏரி ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ ஐந்து மாதங்கள் பனிக்கட்டியாக உறைந்து கிடக்கின்றது என்றால் நம்புவீர்களா? அது உண்மை. காரணம் கேட்டால் "அங்கே குளிர் அதிகம்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு வருவோர் பலர். அவ்விடைக்கு முழுப் புள்ளி கிடைக்காது. குளிர் எங்கிருந்து வருகின்றது, நீர் அதனை எவ்வாறு ஏற்கின்றது, வரட்சிக்கும் உறைதலுக்கும் என்ன தொடர்பு என்பவற்றை ஒழுங்காக எழுதுபவருக்கே முழுப் புள்ளியும் உரியது.

நம் நாட்டில் குளம் உறைவதை நாம் கண்டதில்லை. ஆகவே இப்பாடத்தை மனனம் செய்யாமல் விளங்கிப் படித்தல் வேண்டும். விளங்கிக்கொண்டால் வினா எவ்வாறு திருப்பிக் கேட்கப்பட்டாலும் விடையளிக்க முடியும்.

1. பாலைநிலம் என்றால் என்ன?

ஆண்டு மழைவீழ்ச்சி பொதுவாக 250 மில்லிமீற்றருக்குக் குறைவாக உள்ள பிரதேசம் பாலைநிலம் எனப்படும். இவ்வரைவிலக்கணத்தில் வெப்பம் என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனிக்க. பாலைநிலத்தைத் தீர்மானிப்பது வரட்சியாகும்.

இதன் அடிப்படையில் பாலைநிலங்களை மூன்றாக வகுக்கலாம்.

(அ) வெப்பப் பாலைநிலங்கள் – உதாரணம்: சகாரா, அராபியப் பாலைநிலம்
(ஆ) இடைவெப்பக் குளிர்ப் பாலைநிலங்கள் – உதாரணம்: கோபி, கசகஸ்தானின் பாலைநிலங்கள்
(இ) முனைவுப் பாலைநிலங்கள் – உதாரணம்: அந்தாட்டிக்காவின் வரண்ட பள்ளத்தாக்குகள்

பாலைநிலத்தில் ஏரி எப்படி உண்டாகும் என்ற ஐயம் எழலாம். அயலிலுள்ள உயர்ந்த மலைகளில் பனி உருகி ஆறுகளாக ஓடிவந்து தாழ்நிலங்களிற் சேர்வதால் ஏரிகள் உருவாகின்றன. இவ்வேரிகளுட் பல கடலுக்கு வழியற்றவை. நீர் ஆவியாகியே வெளியேறும். உப்பு எஞ்சி நிற்கும். இதனை உள்நாட்டு வடிகால் என்பர். பாலைநில ஏரிகள் பல உவர்ப்பாக இருப்பதற்குக் காரணம் இதுவேயாகும்.

2. ஓர் ஏரி எவ்வாறு உறைகின்றது?

முதலில் நன்னீர் ஏரியொன்றை எடுத்துக்கொள்வோம். உறைதல் பின்வரும் ஒழுங்கில் நிகழும்.

படி 1: இலையுதிர் காலத்தில் வளி குளிர்கின்றது. ஏரியின் மேற்பரப்பு நீர் வெப்பத்தை இழக்கின்றது. குளிர்ந்த நீர் அடர்த்தி கூடியதாதலால் கீழே அமிழும். கீழேயுள்ள இளஞ்சூடான நீர் மேலே வரும். இவ்வாறு நீர் கீழ்மேலாகக் கலக்கும்.

படி 2: நன்னீர் 4 பாகை செல்சியஸில் ஆகக்கூடிய அடர்த்தியை அடைகின்றது. ஏரி முழுவதும் இந்நிலையை அடைந்ததும் கலத்தல் ஓய்கின்றது. அதற்கும் கீழே குளிரும் நீர் இலேசானது. அது அமிழாமல் மேலேயே தங்கும்.

படி 3: மேற்பரப்பின் மெல்லிய படை மட்டும் விரைவாக 0 பாகைக்குக் குளிர்ந்து, காற்றற்ற தெளிந்த இரவொன்றில் பனிக்கட்டியாகின்றது.

படி 4: பனிக்கட்டி நீரிலும் அடர்த்தி குறைந்தது. ஆகவே மிதக்கின்றது. பின்னர் அது மேலிருந்து கீழ்நோக்கித் தடிக்கின்றது. தடிக்கத் தடிக்க, கீழேயுள்ள நீரின் வெப்பம் வெளியேறுவதை அதுவே தடுக்கும். அதனால் உறைதலின் வேகம் வரவரக் குறையும்.

மனதிற் கொள்க: ஏரி கீழிருந்து மேலாக உறையுமாயின் மீன்கள் யாவும் அழிந்திருக்கும். மேலே மிதக்கும் பனிக்கட்டி ஒரு போர்வைபோல் நின்று கீழேயுள்ள உயிர்களைக் காக்கின்றது.

3. வரட்சி உறைதலை எவ்வாறு பாதிக்கின்றது?

இதுவே இப்பாடத்தின் மையப் பகுதி. பாலைநில ஏரி உறைவது வரட்சியையும் மீறி அன்று. அது எப்போது, எவ்வாறு உறையும், எவ்வாறு உருகும் என்பவற்றை வரட்சியே பெரிதும் தீர்மானிக்கின்றது. ஐந்து வழிகளை நினைவில் வைத்திருங்கள்.

(i) தெளிந்த வானம்
முகிலும் ஈரப்பதனும் புவியிலிருந்து வெளியேறும் வெப்பத்தின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புவன. பாலைநில வானில் இவை குறைவு. எனவே இரவில் கதிர்வீசல் மூலம் வெப்பம் விரைவாக வெளியேறும். பகலுக்கும் இரவுக்கும் இடையிலான வெப்பநிலை வீச்சு அதிகமாகும். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் தெளிந்த இரவுகளில் தேயிலைக் கொழுந்தில் உறைபனி படிவதும் இதே காரணத்தினாலாகும். முகில் மூடிய இரவில் அது படிவதில்லை.

(ii) ஆழமின்மை
பாலைநில ஏரிகளுட் பல அகன்றவை, ஆனால் ஆழமற்றவை. நீரின் அளவு குறைந்தால் அது சேமிக்கும் வெப்பமும் குறையும். ஆகவே ஆழமற்ற ஏரி முந்தி உறையும். ஆழமான ஏரி கோடையில் சேமித்த வெப்பத்தை மெதுவாக இழந்து பிந்தி உறையும்.

(iii) உவர்ப்பு
உப்பு நீரின் உறைநிலையைத் தாழ்த்தும். ஒரு கிலோகிராமில் 35 கிராம் உப்புடைய சாதாரண கடல்நீர் ஏறத்தாழ −1.9 பாகையில் உறைகின்றது. மேலும், கடல்நீரில் கிலோகிராமுக்கு 24.7 கிராமுக்கு மேல் உப்பிருந்தால் 4 பாகை விதி பொருந்தாது. அந்நீர் உறைநிலை வரை குளிரக் குளிர அமிழ்ந்துகொண்டே இருக்கும். அதனால் மேற்பரப்பு மட்டும் தனியே குளிர்ந்து உறைவது கடினமாகின்றது.

(iv) வெண்பனிக் குறைவு
மழைவீழ்ச்சி குறைந்த இடத்தில் வெண்பனி வீழ்ச்சியும் குறைவு. வீழ்ந்த சிறிதளவையும் காற்று அள்ளிச் சென்றுவிடும். எனவே ஏரிப் பனிக்கட்டி வெறுமையாகக் கிடக்கும். இதனால் இரு விளைவுகள் உண்டாகும். போர்வையாக வெண்பனி இல்லாததால் பனிக்கட்டி தடிப்பாக வளரும். அதே வேளை, தெளிந்த பனிக்கட்டியூடாகச் சூரிய ஒளி கீழே நீருக்குச் செல்லும்.

(v) பதங்கமாதல்
பனிக்கட்டி நீராகாமலே நேரடியாக ஆவியாவது பதங்கமாதல் எனப்படும். வரண்ட காற்று வீசும் இடத்தில் இது அதிகம். அதாவது, பாலைநில ஏரியின் பனிக்கட்டி உருகாமலே மேற்புறத்தில் தேய்ந்து குறையக்கூடும்.

4. ஏரி எவ்வாறு உருகுகின்றது?

உறைதலைப் போல உருகுதலும் படிப்படியாகவே நிகழும். 0 பாகையிலுள்ள ஒரு கிலோகிராம் பனிக்கட்டியை உருக்க ஏறத்தாழ 334 கிலோயூல் வெப்பம் வேண்டும். அதே வெப்பத்தைக் கொண்டு ஒரு கிலோகிராம் நீரை 0 பாகையிலிருந்து ஏறத்தாழ 80 பாகை வரை சூடாக்கலாம்! இதிலிருந்து, வசந்த காலம் தொடங்கி வளி சூடேறிய பின்னரும் ஏரியில் பல நாட்கள் பனிக்கட்டி ஏன் கிடக்கின்றது என்பது விளங்கும்.

உருகுதல் பெரும்பாலும் கரையோரத்திலேயே தொடங்கும். நிலம் விரைவாகச் சூடேறுவதும், கரையோர நீர் ஆழமற்றிருப்பதும், ஆற்று நீர் வந்து சேர்வதும் இதற்குக் காரணங்களாகும். புதிய வெண்பனி தன்மீது விழும் ஒளியில் 80 சதவீதத்துக்கும் மேல் தெறிக்கச் செய்யும். சூரியன் உயர்ந்து நிற்கும்போது திறந்த நீர் 10 சதவீதத்துக்கும் குறைவாகவே தெறிக்கச் செய்யும். எனவே ஓரிடத்தில் நீர் வெளிப்பட்டதும் அது வெப்பத்தை உறிஞ்சி அயலிலுள்ள பனிக்கட்டியையும் உருக்கும். இறுதியில் காற்று வீசி, பலவீனமான பனிக்கட்டியை உடைத்துச் சிதறச் செய்யும்.

5. எடுத்துக்காட்டுகள்

(அ) பல்காஷ் ஏரி – கசகஸ்தான்

தொடக்கத்திற் குறிப்பிட்ட ஏரி இதுவேயாகும். இது ஏறத்தாழ வட அகலாங்கு 46 பாகையில், கடலிலிருந்து மிகத் தொலைவில் அமைந்துள்ளது. ஆண்டு மழைவீழ்ச்சி சுமார் 130 மில்லிமீற்றர் மாத்திரமே. கோடையில் சராசரி வெப்பநிலை 24 பாகையளவில் இருக்க, ஜனவரியில் அது −14 பாகையளவுக்கு வீழ்கின்றது. கடலின் தணிக்கும் செல்வாக்கு இல்லாமையும் குளிர்காலத்தில் நிலைகொள்ளும் சைபீரிய உயரமுக்கமும் இதற்குக் காரணங்களாகும். ஏரியின் சராசரி ஆழம் சுமார் 6 மீற்றர். நவம்பரில் உறைந்து ஏப்ரல் தொடக்கம் வரை பனிக்கட்டியாகக் கிடக்கின்றது.

இவ்வேரியின் சிறப்பு, ஒரு பாதி நன்னீர், மறு பாதி உவர்நீர் என்பதாகும். தியன்சான் மலைகளின் நீரைக் கொண்டுவரும் ஈலி ஆறு மேற்குப் பகுதியில் விழுவதால் அப்பகுதி நன்னீராக உள்ளது. ஒடுங்கிய நீரிணை ஒன்றுக்கு அப்பாலுள்ள கிழக்குப் பகுதி உவர்ப்பானது.

இங்கேதான் மாணவர்கள் வழுக்கி விழுவர். "கிழக்கு உவர்ப்பானது, ஆகவே அங்கே பனிக்கட்டி முந்தி மறையும்" என்று எழுதத் தோன்றும். உண்மையில் கிழக்கில் பனிக்கட்டி 10 முதல் 15 நாட்கள் பிந்தியே மறைகின்றது. ஏன் நமது ஊகம் பிழைத்தது? கணக்கிட்டுப் பாருங்கள். 35 கிராம் உப்பு உறைநிலையைத் தாழ்த்துவது 1.9 பாகையால் மட்டுமே. கிழக்குப் பல்காஷில் இலீற்றருக்குச் சில கிராம் உப்பே உண்டு. அது உறைநிலையை அரைப் பாகையளவுக்குக்கூடத் தாழ்த்தாது. −14 பாகைக் குளிரில் அது ஒரு பொருட்டன்று. ஆகவே ஒரு காரணியின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. அதன் அளவையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

(ஆ) றேஸ்ட்ராக் பிளாயா – ஐக்கிய அமெரிக்கா

கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவினுள் சுமார் 1130 மீற்றர் உயரத்தில் இவ்வரண்ட ஏரிப் படுக்கை உள்ளது. மரணப் பள்ளத்தாக்கின் தாழ்ந்த பகுதியில் 1913 ஜூலை 10 அன்று 56.7 பாகை செல்சியஸ் பதிவாகியது. அத்தகைய பெயர்பெற்ற வெப்பப் பிரதேசத்திலும் ஏரி உறைவதுண்டு!

இப்படுக்கையில் கனமான கற்கள் தாமாக நகர்ந்து, பின்னால் நீண்ட சுவடுகளை விட்டுச் சென்றிருப்பதைப் பல தசாப்தங்களாக மக்கள் கண்டு வியந்தனர். ஆனால் கற்கள் நகர்வதை எவரும் கண்டதில்லை. ரிச்சட் நொறிஸ், ஜேம்ஸ் நொறிஸ் ஆகிய ஆய்வாளர்கள் 2013 டிசெம்பரில் அதனை நேரிலே கண்டனர். ஆய்வு முடிவுகள் 2014 இல் வெளியாகின.

நடந்தது இதுதான். குளிர்கால மழையினாலும் வெண்பனியினாலும் படுக்கையில் சில சென்ரிமீற்றர் ஆழத்துக்கு நீர் தேங்கியது. தெளிந்த இரவில் மேற்பரப்பு 3 முதல் 6 மில்லிமீற்றர் வரை தடிப்புள்ள பனிக்கட்டியாக உறைந்தது. முற்பகல் வெயிலில் அது உருகத் தொடங்கிப் பெருந்தகடுகளாக உடைந்தது. செக்கனுக்கு 5 மீற்றரளவான மென்காற்று அத்தகடுகளைத் தள்ள, அவை கற்களைச் சேற்றின்மீது நிமிடத்துக்கு 2 முதல் 5 மீற்றர் வேகத்தில் தள்ளிச் சென்றன. பலத்த புயலும் தடித்த பனியும் வேண்டியிருக்கவில்லை. இரவில் உறைந்து பகலில் உருகும் மெல்லிய தகடே போதுமாயிருந்தது.

(இ) வண்டா ஏரியும் டொன் யுவான் குட்டையும் – அந்தாட்டிக்கா

இவ்விரண்டும் அந்தாட்டிக்காவின் வரண்ட பள்ளத்தாக்குகளுள் ஒன்றான ரைட் பள்ளத்தாக்கில் உள்ளன. வண்டா ஏரியை மூன்று மீற்றருக்கு மேற்பட்ட தடிப்புள்ள பனிக்கட்டி ஆண்டு முழுவதும் மூடியிருக்கும். கோடையில் கரையோரம் மட்டும் உருகி அகழிபோல் நீர் தோன்றும். பனியாற்று உருகுநீரைக் கொண்டு ஒனிக்ஸ் ஆறு கோடையில் சுமார் 30 கிலோமீற்றர் ஓடி இவ்வேரியில் விழுகின்றது. மேலே பதங்கமாதலால் பனிக்கட்டி தேயும். கீழே புதிதாக உறைந்து அது ஈடுசெய்யப்படும்.

வியப்பு என்னவெனில், இவ்வேரியின் அடியில் நீர் 23 பாகைக்கும் மேற்பட்ட சூட்டுடன் உள்ளது! தெளிந்த பனிக்கட்டியூடாகச் செல்லும் ஒளி அடிநீரைச் சூடாக்குகின்றது. அடிநீர் மிகுந்த உவர்ப்புடையதாதலால் சூடேறினாலும் பாரமாகவே இருந்து மேலே வருவதில்லை. ஆகவே வெப்பம் அங்கேயே சிறைப்படுகின்றது.

அருகிலுள்ள டொன் யுவான் குட்டை 1961 இல் கண்டறியப்பட்டது. இதில் கல்சியம் குளோரைட்டு மிகச் செறிவாக உள்ளமையால் −50 பாகைக் குளிரிலும் உறையாமல் திரவமாகவே இருக்கக்கூடியது. பல்காஷில் உவர்ப்பு ஒரு பொருட்டன்று. இங்கே உவர்ப்பே எல்லாம். ஒப்பிட்டு எழுதும் வினாவுக்கு இதனைவிடச் சிறந்த சோடி கிடைக்காது.

(ஈ) ஆரல் கடல் – கசகஸ்தான், உஸ்பெகிஸ்தான்

பெயர் கடல் எனினும் இது ஓர் ஏரியே. 1960 இல் இதன் பரப்பு சுமார் 68,000 சதுர கிலோமீற்றர். உவர்ப்பு இலீற்றருக்கு சுமார் 10 கிராம். பருத்திச் செய்கைக்காக ஆமு தாரியா, சிர் தாரியா ஆறுகளின் நீர் திருப்பப்பட்டதால் ஏரி சுருங்கியது. தென்பகுதியில் எஞ்சிய நீரின் உவர்ப்பு இலீற்றருக்கு 100 கிராமைக் கடந்தது.

உறைதலில் இது இரு எதிரெதிரான மாற்றங்களை உண்டாக்கும். நீர் ஆழம் குறைந்தமையால் விரைவாகக் குளிரும். ஆனால் உவர்ப்பு மிகுந்தமையால் உறைவதற்கு முன்னையிலும் கடுங்குளிர் வேண்டும். பத்து சதவீதக் கறியுப்புக் கரைசல் சுமார் −6.5 பாகையிலேயே உறையும் என்பதை ஒப்பிட்டு நோக்குக.

இது வெறும் பௌதிகக் கணக்கு அல்ல. இவ்வளவு உவர்ப்பில் மீன்கள் வாழ முடியாமற் போயின, மீனவர் தொழிலிழந்தனர், துறைமுகங்கள் மணல்வெளிகளாயின. 2005 இல் கொக்-ஆரல் அணை கட்டி முடிக்கப்பட்ட பின் வடபகுதியில் நீர்மட்டம் உயர்ந்து உவர்ப்புக் குறைந்தது. மீன்கள் திரும்பின. குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் பனிக்கட்டியில் துளையிட்டு வலை விரிக்கும் தொழிலும் அங்கே மீண்டும் நடைபெறுகின்றது. ஏரி உறைவதும் உருகுவதும் அம்மக்களுக்குப் பாடமன்று, அன்றாடச் சோறு.

6. மாதிரி வினாவும் விடையும்

வினா:
(i) பாலைநிலம் என்பதை வரையறுக்க. (1 புள்ளி)
(ii) பாலைநிலங்களில் இரவில் வெப்பநிலை விரைவாகக் குறைவதற்கு இரு காரணங்கள் தருக. (2 புள்ளிகள்)
(iii) ஏரி மேலிருந்து கீழ்நோக்கி உறைவதேன்? (3 புள்ளிகள்)
(iv) "உவர் ஏரிகள் உறைவதில்லை." இக்கூற்றை உதாரணங்களுடன் ஆராய்க. (4 புள்ளிகள்)

விடை:
(i) ஆண்டு மழைவீழ்ச்சி பொதுவாக 250 மில்லிமீற்றருக்குக் குறைந்த வரண்ட பிரதேசம்.

(ii) முகில் குறைவு. வளியில் ஈரப்பதன் குறைவு. இவற்றால் கதிர்வீசல் மூலம் வெப்பம் தடையின்றி வெளியேறும்.

(iii) நன்னீர் 4 பாகையில் ஆகக்கூடிய அடர்த்தியை அடையும். அதனிலும் குளிர்ந்த நீர் இலேசானதாகையால் மேலே தங்கி முதலில் உறையும். பனிக்கட்டியும் நீரிலும் அடர்த்தி குறைந்ததாகையால் மிதக்கும்.

(iv) இக்கூற்று முழுமையாகச் சரியன்று. உவர்ப்பு உறைநிலையைத் தாழ்த்தும். எவ்வளவு தாழ்த்தும் என்பது உப்பின் அளவில் தங்கியுள்ளது. கிழக்குப் பல்காஷ் உவர்ப்பானதாயினும் உவர்ப்புக் குறைவாகையால் ஆண்டுதோறும் உறைகின்றது. டொன் யுவான் குட்டை மிகு உவர்ப்பினால் −50 பாகையிலும் திரவமாக இருக்கக்கூடியது. எனவே உவர்ப்பின் அளவு, குளிரின் கடுமை, நீரின் ஆழம் ஆகியவற்றைச் சேர்த்தே தீர்மானித்தல் வேண்டும்.

குறிப்பு: "ஆராய்க" என்று கேட்டால் இரு பக்கத்தையும் எழுதி முடிவு கூறுக. ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் பாதிப் புள்ளியே கிடைக்கும்.

7. பயிற்சி வினாக்கள்

சரியாயின் "சரி" எனவும் பிழையாயின் "பிழை" எனவும் எழுதுக.

1. பாலைநிலத்தைத் தீர்மானிக்கும் முதன்மைக் காரணி வெப்பமாகும்.
2. ஆழமான ஏரி ஆழமற்ற ஏரியிலும் பிந்தி உறையும்.
3. பதங்கமாதலின்போது பனிக்கட்டி முதலில் நீராகி, பின்னர் ஆவியாகும்.
4. றேஸ்ட்ராக் பிளாயாவில் கற்களை நகர்த்தியது தடித்த பனிக்கட்டியாகும்.
5. வண்டா ஏரியின் அடிநீர் மேற்பரப்பு நீரிலும் சூடானது.

விடைகள்: 1. பிழை 2. சரி 3. பிழை 4. பிழை 5. சரி

விரிவாக எழுதிப் பார்க்க: "பாலைநில ஏரிகளின் உறைதலில் வரட்சியின் பங்கு" என்ற தலைப்பில் ஐந்து காரணிகளையும் ஒவ்வோர் உதாரணத்துடன் ஒரு பக்கத்துக்கு மேற்படாமல் எழுதுக. எழுதும்போது புத்தகத்தை மூடி வையுங்கள். எந்தக் காரணியில் பேனை நிற்கின்றதோ, பகுதி 3 இல் அதனையே மீண்டும் படியுங்கள்.